தோட்டத்து நினைவுகளை மேடையேற்றும் முன்

கேள்வி: மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில் குடியேறிவிட்ட முன்னாள் ரப்பர்த் தோட்டத்துப் பெண்களோடு சேர்ந்து அவர்களுடைய நினைவுகளைத் தொகுத்து வருகிறோம். பல்கலைக்கழகக் கருத்தரங்கில் கட்டுரை படைக்க அழைப்பு வந்துள்ளது. பயிலரங்கும் நடத்தச் சொல்கிறார்கள். எப்படித் தயாராவது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இரண்டுக்கும் ஒரே உரையைப் பயன்படுத்தாதீர்கள். கருத்தரங்கில் பெரும்பாலும் 15 அல்லது 20 நிமிடமே கிடைக்கும் என்பதால், திட்டம் முழுவதையும் விவரிக்க முயலாமல், உங்கள் அணுகுமுறையை மாற்றிய ஒரு தருணத்தை, அது தோல்வியாக இருந்தாலும், எடுத்து ஆராய்வதே நல்லது. வினாத்தாளைக் கண்டு வாய் திறக்காத பாட்டி, பால்மரம் சீவும் கத்தியைக் கையில் வாங்கியதும் பெரட்டுக் களத்து (தொழிலாளர்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடம்) விடியற்காலையைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தால், ஆய்வு முறை குறித்து அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

பயிலரங்கிலோ அந்தப் பாட்டியே பயிற்றுநர், நீங்கள் உதவியாளர். மற்றப் பேச்சாளர்களுக்குரிய மதிப்பூதியமும் பயணச் செலவும் அவருக்கும் கிடைக்க வேண்டும், பொன்னாடை ஊதியமாகாது.

முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. ஆகவே ஆய்வரங்கில் தமிழ் ஒலிக்கத் தயங்க வேண்டியதில்லை. மலாயிலோ ஆங்கிலத்திலோ படைக்க நேர்ந்தாலும், அப்பெண்களின் சொற்களைத் தமிழிலேயே ஒலிக்கவிட்டுப் பொருள் கூறுங்கள்.

ஒலிப்பதிவுக்குத் தந்த இசைவு மேடைக்கும் செல்லும் என்று கருத வேண்டாம். கட்டுரையை அனுப்புமுன் அவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, நீக்கச் சொல்வதை நீக்குங்கள். பெயரை வெளியிடுவதா மறைப்பதா என்பதையும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள்.