விக்டோரிய ஓவியத்தை ஏலத்தில் எடுத்தால் லாபம் வருமா?

கேள்வி: எனக்கு 47 வயது. லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். வீட்டுக் கடன் முடியப்போகிறது, கையில் 20,000 பவுண்டு சேமிப்பு இருக்கிறது. வெளியூர் ஏல நிறுவனம் ஒன்றின் கேட்லாக்கில் 1870களின் எண்ணெய் வண்ண நிலக்காட்சி ஒன்றைப் பார்த்தேன். மதிப்பீடு 3,000 முதல் 5,000 பவுண்டு. இந்த ஓவியரின் படங்கள் இருபது வருடத்துக்கு முன் இதைப்போல மூன்று மடங்குக்குப் போனதாகவும், அந்த விலை திரும்பி வரும் என்றும் நண்பர் சொல்கிறார். முதலீடாக வாங்கிப் போடலாமா? ஆன்லைனில் ஏலம் கேட்பதாக இருக்கிறேன்.

பதில்: முதலீடாக என்றால் வேண்டாம். படம் பிடித்திருக்கிறது, பத்து வருடம் வரவேற்பறையில் மாட்டி ரசிப்பேன் என்றால் வாங்குங்கள். அப்போதும் எல்லாச் செலவும் சேர்த்து 5,000 பவுண்டைத் தாண்டாதீர்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். சுத்தியல் 4,000 பவுண்டில் விழுகிறது, அதாவது ஏலம் அந்த விலையில் முடிகிறது என்று வையுங்கள். அதன்மேல் 'பையர்ஸ் பிரீமியம்' என்று வாங்குபவர் கட்ட வேண்டிய கட்டணம் வரும். லண்டனில் கிறிஸ்டீஸ், சோத்பீஸ் என்ற இரண்டு பெரிய ஏல நிறுவனங்கள் 1975இல் 10 சதவீதத்தில் ஆரம்பித்து வைத்த வழக்கம் இது. இன்று சிறிய ஏல நிறுவனங்களில்கூட 25 சதவீதம் சர்வசாதாரணம். அந்த பிரீமியத்துக்கு 20 சதவீத வாட். ஆக 1,200 பவுண்டு. இணையத் தளம் வழியாகக் கேட்டால் தளத்துக்குச் சுமார் 5 சதவீதம், அதற்கும் வாட்: இன்னொரு 240. மொத்தம் 5,440, வண்டிக்கூலி தனி. நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்றால் முணுமுணுக்கிறோம். இங்கே 36 சதவீதம் சத்தமில்லாமல் ஏறிவிடுகிறது.

இப்போது விற்கும் பக்கம் வாருங்கள். விற்பவரிடம் 15 சதவீத கமிஷன் பிடிப்பார்கள், அதற்கும் வாட் உண்டு. கையில் வருவது சுத்தியல் விலையில் 82 சதவீதம். போட்ட 5,440 திரும்பக் கிடைக்க, அடுத்த முறை சுத்தியல் 6,600க்கு மேல் விழ வேண்டும். பத்து வருடம் வைத்திருந்தால், வருடத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் விலை ஏறிக்கொண்டே போனால்தான் அசல் தேறும். பணவீக்கத்தை நான் இன்னும் தொடவே இல்லை. வட்டியும் கிடையாது, டிவிடெண்டும் கிடையாது.

விலை திரும்பி வரும் என்று உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. விக்டோரிய காலப் பிரபல ஓவியர் அல்மா-டடேமா வரைந்த 'மோசேயைக் கண்டெடுத்தல்' என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1904இல் சர் ஜான் ஏர்ட் என்ற ஒப்பந்ததாரர் 5,250 பவுண்டு கொடுத்தார். 1935இல் அது 861 பவுண்டுக்குப் போயிற்று. 1960இல் ஏலத்துக்கு வந்து, சில நூறு பவுண்டுக்குக்கூட ஆள் இல்லாமல் திரும்பியது. 1995இல் 28 லட்சம் டாலர், 2010இல் நியூயார்க் சோத்பீஸில் ஏறக்குறைய 3.6 கோடி டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1904இல் வாங்கியவரின் பேரன்கூட இதில் ஒரு பென்னி பார்த்திருக்க முடியாது. தவிர, அப்படி மீண்டு வந்தது அந்தக் காலத்தின் உச்சியில் இருந்த பெயர்கள். சராசரி நிலக்காட்சிக்கும் மாடு மேயும் படத்துக்கும் அந்த யோகம் வாய்ப்பது அபூர்வம், ஏனென்றால் சரக்கு ஏராளம். தாமஸ் சிட்னி கூப்பர் என்று ஒருவர், 1803இல் பிறந்து 1902 வரை வாழ்ந்தவர். லண்டன் ராயல் அகாடமி கண்காட்சிகளில் மட்டும் 250க்கும் மேற்பட்ட படங்களை வைத்தார், பெரும்பாலும் மாடும் ஆடும்தான். (எனக்கு அவர் மாடுகள் பிடிக்கும். அது வேறு விஷயம்.)

பெரிய பணத்தோடு இதைச் செய்து பார்த்தவர்களும் உண்டு. பிரிட்டிஷ் ரயில் ஓய்வூதிய நிதி 1974 முதல் சோத்பீஸ் ஆலோசனையோடு சுமார் 4 கோடி பவுண்டைக் கலைப்பொருட்களில் போட்டது. விற்று முடித்தபோது வருடத்துக்குச் சுமார் 11 சதவீதம் வந்திருந்தது. அன்றைய பணவீக்கத்தைக் கழித்தால் சுமார் 4 சதவீதம். அந்த அளவையும் தூக்கிக் கொடுத்தவை 1989இன் உச்ச சந்தையில் விற்ற இம்ப்ரெஷனிஸ்ட் படங்கள், அதாவது மொனே, ரெனுவார் பாணிப் படங்கள். நிபுணர்களும் பொறுமையும் கோடிகளும் இருந்தவர்களின் கதை இது.

வரியையும் பாருங்கள். 6,000 பவுண்டு அல்லது அதற்குக் கீழ் விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. சலுகை மாதிரித் தெரியும், ஆனால் மறுபக்கம் உதைக்கும்: 5,440க்கு வாங்கி 4,000க்கு விற்றால் அந்த நஷ்டத்தை வேறு ஆதாயத்தில் கழிக்க முடியாது, ஏனென்றால் 6,000க்கு விற்றதாகவே வரித்துறை எடுத்துக்கொள்ளும். ஓய்வூதியக் கணக்கில் ஓவியம் வைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், வரி தண்டனை மாதிரி விழும்.

சரி, பிடித்துப்போய் வாங்குகிறீர்கள் என்றால், ஆன்லைனில் படத்தைப் பார்த்து மட்டும் கேட்காதீர்கள். ஏலத்துக்கு முன் படங்களைப் பார்க்க விடும் பார்வை நாளில் நேரில் போங்கள். கேட்லாக்கில் ஓவியரின் பெயர் முழுசாக, எந்த ஒட்டும் இல்லாமல் இருக்கிறதா? 'அட்ரிபியூட்டட் டு' என்றால் அவருடையதாக இருக்கலாம். 'ஃபாலோயர் ஆஃப்', 'மேனர் ஆஃப்' என்றால் அவர் கையே படாதது. 'பேர்ஸ் சிக்னேச்சர்' என்று இருந்தால் கூடுதல் எச்சரிக்கை: கையெழுத்து இருக்கிறது, அவர் போட்டதா என்பதில் ஏல நிறுவனத்துக்கே சந்தேகம் என்று அர்த்தம். பிரெஞ்சு ஓவியர் கோரோ 3,000 படம் வரைந்தார், அதில் 10,000 அமெரிக்காவில் இருக்கிறது என்று ஒரு பழைய கிண்டல் உண்டு. போலி அந்த அளவுக்குப் புழங்கிய காலம்.

படம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் கண்டிஷன் ரிப்போர்ட்டை எழுத்தில் வாங்குங்கள். பின்னால் புதுத் துணி ஒட்டியிருக்கிறார்களா, வானத்தில் பிற்காலத்தில் யாராவது வண்ணம் பூசியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அல்ட்ரா வயலட் விளக்கில் பிற்காலப் பூச்சு பெரும்பாலும் கருப்புத் திட்டாகத் தெரிந்துவிடும். அடர்பழுப்புப் பகுதிகள் முதலைத் தோல் மாதிரி வெடித்திருந்தால் தார் கலந்த பிட்டுமென் வண்ணமாக இருக்கலாம், அதைச் சரிசெய்வது கஷ்டம். படத்தைத் திருப்பியும் பாருங்கள். பழைய கண்காட்சிச் சீட்டு, கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தபோது பின்னால் அச்சிட்ட எண் ஏதாவது இருந்தால் பழைய வரலாற்றைத் தேட ஒரு நூல் கிடைக்கும்.

ஏலம் கேட்கும் உச்ச வரம்பைப் பின்னாலிருந்து போடுங்கள். நேரில் கேட்டால் 5,000ஐ 1.3ஆல் வகுங்கள்: 3,800 பவுண்டு வரை கை தூக்கலாம். ஆன்லைன் என்றால் 3,600தான். வாங்கியதும் வீட்டுக் காப்பீட்டில் தனிப் பொருளாகச் சேருங்கள், தனிப் பொருள் வரம்புக்கு மேல் பல பாலிசிகள் தாமாக ஈடு செய்யாது. மீதி 15,000இல் ஆறு மாதச் செலவை எடுத்து வைத்துவிட்டு, வரியில்லாச் சேமிப்புக் கணக்கான ஐசாவுக்குப் போங்கள்.

படம் அன்று விலைபோகாமல் நின்றுவிட்டால் மறுநாள் காலையிலேயே ஏல நிறுவனத்துக்கு ஃபோன் செய்யுங்கள். விற்பவரின் குறைந்தபட்ச விலை மதிப்பீட்டின் கீழ் எல்லையைத் தாண்டி இருக்காது, அதாவது 3,000க்கு மேல் இல்லை. 2,500 தருகிறேன் என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. பிரீமியம் அதற்கும் உண்டு என்பதை மட்டும் மறக்காதீர்கள்.