மூன்று முனுசாமிகள்

வணக்கம் ஐயா,

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன உங்கள் பாட்டியின் தாய்மாமனைத் தேடி அலைந்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. என் எள்ளுத்தாத்தாவின் அண்ணன், பெயர் முனுசாமி. ஊர் வந்தவாசிப் பக்கம். தாது வருஷப் பஞ்சத்தில் மெட்ராஸுக்குக் கூலி தேடிப் போனாராம். அங்கிருந்து முதல் கப்பலிலேயே தென்னாப்பிரிக்கா போய், கரும்புத் தோட்டம் வாங்கிப் பெரிய ஆளாகிவிட்டாராம். இங்கே விட்டுப்போன மனைவியைக் கூப்பிட ஆள் அனுப்பியதாகவும், அந்த அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகவும் கதை.

கப்பல் பட்டியலில் தேடியதில் எங்கள் பக்கத்தவர் என்று சொல்லக்கூடிய மூன்று முனுசாமிகள் கிடைத்தார்கள். ஒருவர் 1860களின் தொடக்கத்தில் போனவர். சாதிக் கட்டத்தில் ‘மலபார்’ என்று இருக்கிறது, எழுத்துப் பிழையா தெரியவில்லை. இரண்டாமவர் 1870களின் கடைசியில் போனவர். தாலுகா வந்தவாசி. ஆனால் சாதி எங்கள் சாதி இல்லை, கூடவே மனைவி என்று ஒரு பெண்ணும் இருக்கிறார். ஆகவே அவரை விட்டுவிட்டேன். மூன்றாமவர் 1890களின் நடுவில், 22 வயதில் போனவர். முதலாமவர்தான் எங்கள் தாத்தா என்று நினைக்கிறேன். கைவசம் இருக்கும் ஒரே பழைய காகிதம் எள்ளுத்தாத்தா 1889இல் நிலம் வாங்கிய கிரயப் பத்திரம். அது இதற்கு உதவாது. மேற்கொண்டு எங்கே தேடுவது?

எம்.

அன்புள்ள எம். அவர்களுக்கு,

கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த இரண்டு சாதிப் பெயர்களையும் நான் எடுத்துவிட்டேன். பொதுவில் வருகிற கடிதம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த ‘முதல் கப்பல்’. நேட்டாலுக்குப் போன முதல் கப்பல் ட்ரூரோ. 1860 அக்டோபரில் மெட்ராஸில் கிளம்பி நவம்பர் 16ஆம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் இருந்தவர்கள் 342 பேர். ஆனால் இங்கேயும் அங்கேயும் குடும்பங்கள் சொல்லும் கதைகளை நம்பினால் ட்ரூரோவில் ஏழெட்டாயிரம் பேராவது ஏறியிருக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் முதல் கப்பல் என்றுதான் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் எங்கள் ஆள் போனது 1902இல், நீராவிக் கப்பலில். வீட்டுக் கதையில் ‘முதல்’ என்றால் ‘ரொம்ப நாளைக்கு முன்னால்’ என்று பொருள், அவ்வளவுதான்.

தாது வருஷம் 1876–77. ட்ரூரோ போனது 1860. நடுவில் பதினாறு வருஷம் இருக்கிறது. உங்கள் கதையின் இரண்டு பாதிகளில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். நான் பஞ்சத்தின் பக்கம் நிற்பேன். கப்பல் பெயரையோ வருஷத்தையோ ஒரு குடும்பம் மறந்துபோகலாம், எந்தப் பஞ்சத்தில் ஆள் போனது என்பதை மறக்காது.

காகிதமும் அதற்குத்தான் சாதகமாக இருக்கிறது. நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். காலனி எண் என்பார்கள். ட்ரூரோவில் 1 என்று தொடங்கி, 1911இல் இந்திய அரசு அங்கே ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை தொடர்ச்சியாகப் போன வரிசை அது. மொத்தம் சுமார் 1,52,000 பேர். இதில் ஒரு இடைவெளி உண்டு. 1866இல் நேட்டாலில் தொழில் படுத்துப்போய் ஆள் எடுப்பது நின்றது. 1871இல் ஒப்பந்தம் முடிந்து மெட்ராஸுக்குத் திரும்பியவர்கள் அடி, கூலிப் பிடித்தம் என்று இறங்கியதுமே புகார் சொன்னார்கள். அதன்மேல் 1872இல் ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்தது, கூலிகளின் குறைகளைக் கேட்க ‘புரொடெக்டர்’ என்று ஒரு அதிகாரியை நியமிக்க ஏற்பாடானது, அதற்குப் பிறகு 1874இல்தான் கப்பல்கள் மறுபடி கிளம்பின. இடைவெளிக்கு முன்னால் போனவர்கள் சுமார் 6,400 பேர். ஆகவே எண் அதற்குள் இருந்தால் ஆள் பஞ்சத்துக்கு வெகுகாலம் முன்பே போனவர். உங்கள் முதல் முனுசாமியின் எண்ணைப் பாருங்கள், அதற்குள்தான் இருக்கும்.

‘மலபார்’ எழுத்துப் பிழை இல்லை. தமிழரை மலபார் என்றும் தெலுங்கரை ஜெண்டூ என்றும் எழுதுவது அந்தக் காலத்து ஆங்கிலேயர் வழக்கம். ஆக அந்தக் கட்டத்தில் இருப்பது சாதியே இல்லை. அவர் தமிழர் என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை. இடையூறாக எந்தச் சாதிப் பெயரும் இல்லாததால் அவரை ஏற்றுக்கொள்ள உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாமவரைக் கழிக்க உங்கள் பத்திரமே போதும். 1889இல் தம்பி தன் பெயரில் நிலம் வாங்குகிறார் என்றால் அப்போதே அவர் மேஜர். அதற்கு ஐந்தாறு வருஷம் கழித்து அண்ணனுக்கு 22 வயது எப்படி இருக்கும்? பட்டியலில் இருக்கும் வயது குமாஸ்தா ஆளைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டதுதான். இருந்தாலும் அண்ணனைத் தம்பியாக்கும் அளவுக்குப் போகாது.

மிச்சம் இரண்டாமவர். பஞ்ச காலம், வந்தவாசித் தாலுகா. அவரைத்தான் நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

சாதிக் கட்டம் எப்படி நிரம்பியது என்று யோசித்துப் பாருங்கள். கப்பலேறும்வரை கூலிகளைத் தங்கவைக்கும் மெட்ராஸ் டிப்போவில் வரிசையாக நிற்கிறார்கள். குமாஸ்தா கேட்கிறார், இவர்கள் சொல்கிறார்கள், அவர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதுகிறார். வந்தவாசி ‘வாண்டிவாஷ்’ ஆகிறது, முனுசாமி ‘மூன்சாமி’ ஆகிறார். கவுண்டர் ‘கவெண்டர்’ ஆகி, முதலி ‘மூட்லி’ ஆகி, இன்றைக்கு டர்பனில் குடும்பப் பெயர்களாகவே நிலைத்துவிட்டன. வயல் வேலைக்குக் கை காய்த்த ஆள்தான் வேண்டும் என்று ஏஜெண்டு பார்ப்பதால் சிலர் சாதியை இறக்கிச் சொன்னார்கள். ஊரில் தலைநிமிர முடியாதவர்கள் ஏற்றிச் சொன்னார்கள். அக்கரையில் இறங்கிய பிறகு புதுப் பட்டம் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. இதில் உங்கள் ஆள் எந்த வகை என்று நான் சொல்ல முடியாது. அந்தக் கட்டத்தில் இருப்பது அப்படியே உண்மையாகவும் இருக்கலாம். நாலு தலைமுறைக்கு முன்னால் நம் வீட்டில் யார் என்னவாக இருந்தார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதும் ஒரு வீட்டுக் கதைதானே. சாதியை வைத்து ஆளைச் சேர்க்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். அந்தப் பெயர்களை எடுத்துவிட்டதற்கு இதுதான் இரண்டாவது காரணம்.

மனைவி விஷயமும் அப்படித்தான். நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது கப்பலில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆள் சேராவிட்டால் கப்பல் கிளம்பாது. டிப்போவில் காத்திருந்த நாட்களில் ஜோடி சேர்ந்தவர்கள் நிறைய. புருஷன் செத்தவள், பஞ்சத்தில் கைவிடப்பட்டவள், தனியாகக் கப்பலேறுவதை விட ஒருவனோடு ஏறுவது மேல் என்று நினைத்தவள். அதை வெறுமனே ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரில் இருந்த அந்த அம்மா வரமாட்டேன் என்று சொன்னதாகக் கதை இருக்கிறதே, இந்த இரண்டாவது பெண்ணைப் பற்றி அவருக்கு ஏதாவது காதில் விழுந்திருக்கலாம். இது என் ஊகம்தான், எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு வரியை மட்டும் பார்த்து முடிவு செய்யும் தவறை நானும் செய்திருக்கிறேன். பெயரும் ஜில்லாவும் பொருந்திய ஒருவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் அவர் பின்னால் அலைந்தேன். நேட்டாலில் இறங்கிய வருஷமே தோட்டத்து ஆஸ்பத்திரியில் செத்துப்போனவர். செய்தி கேட்டதும் என் அத்தை அந்த அமாவாசைக்கு இலை போட்டுப் படைத்துவிட்டாள். பிறகுதான் தகப்பன் பெயர்க் கட்டத்தைப் பார்த்தேன். வேறு யாரோ. அத்தையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னால், “அதனால என்னடா, அவனுக்கு யாரு படைச்சிருப்பா?” என்றாள். அடுத்த அமாவாசைக்கு இரண்டு இலை போட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஆள் கிடைத்தால் அவருக்கு மேலே இருபது வரி, கீழே இருபது வரி படிப்பேன். ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் அநேகமாக அடுத்தடுத்த எண்ணில் நிற்பார்கள். உங்கள் இரண்டாமவரோடு பக்கத்து ஊர்க்காரர் யாராவது போயிருக்கிறார்களா என்று பாருங்கள். அவர்கள் வம்சத்தில் ஒரு வேளை நினைவு மிஞ்சியிருக்கும். ஜில்லாவைப் பார்க்கும்போது இன்றைய வரைபடத்தை மறந்துவிடுங்கள். அன்றைய வட ஆற்காட்டில் சித்தூரும் இருந்தது, வேலூரும் இருந்தது, உங்கள் வந்தவாசியும் இருந்தது.

இனி எங்கே தேடுவது. ஒப்பந்தம் ஐந்து வருஷம், முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடுதல், மேலே அரிசி பருப்பு ரேஷன். அந்த ஐந்து வருஷம் ஒழுங்காக வேலை செய்து, யாரோடும் சண்டை போடாமல், காய்ச்சலில் படுக்காமல் இருந்தவரைப் பற்றி ஒரு வரியும் கிடைக்காது. புகார் செய்தவர், ஓடிப்போனவர், ஜெயிலுக்குப் போனவர், கல்யாணத்தைப் பதிந்தவர், இவர்கள்தான் புரொடெக்டர் அலுவலகக் காகிதங்களில் பேசுகிறார்கள். 1894இல் முன்பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியின் முன்னால் வந்து நின்ற பாலசுந்தரத்தை நமக்கு ஏன் தெரியும்? அடித்த முதலாளியைப் பற்றி அவர் போய்ச் சொன்னதால் தெரியும். உங்கள் முனுசாமி கொஞ்சம் முரடராக இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதங்கள் டர்பன் ஆவணக் காப்பகத்திலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்திலும் இருக்கின்றன. கேட்கும்போது பெயரைச் சொல்லி ஒன்றும் நடக்காது, காலனி எண்ணைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பிறப்பு, கல்யாணம் எல்லாவற்றிலும் அந்த எண் கூடவே வரும்.

கரும்புத் தோட்டம் வாங்கிய கதையைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சொத்து வைத்துவிட்டுச் செத்திருந்தால் உச்ச நீதிமன்றத்து மாஸ்டர் அலுவலகத்தில் அவர் பெயரில் ஒரு கோப்பு திறந்திருப்பார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அந்தக் கோப்புகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் மரண அறிவிப்புத் தாளில் பிறந்த ஊர், தாய் தகப்பன் பெயர், மனைவி, பிள்ளைகள் எல்லாம் வரும். ஒப்பந்தம் முடிந்தவர்களில் பெரும்பாலோர் குத்தகைக்கு ஒரு துண்டு நிலம் எடுத்துக் காய்கறி போட்டுத் தலையில் சுமந்து விற்றவர்கள். ஊருக்கு வரும்போது அது கரும்புத் தோட்டமாகிவிடும். டர்பனை ஒட்டிய கேட்டோ மேனரில் அப்படி வேரூன்றிய குடும்பங்களை 1950ஆம் வருஷத்துக் குடியிருப்புப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் கிளப்பி, சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் வைத்தார்கள். எனவே அவர் வீட்டையோ தோட்டத்தையோ நேரில் பார்க்கலாம் என்ற ஆசையை இப்போதைக்கு வளர்க்க வேண்டாம்.

இவ்வளவும் செய்வதற்கு முன்னால் ஒரு காரியம். அந்தக் கிரயப் பத்திரம் இதற்கு உதவாது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு ஆசை வந்தது அதன்மேல்தான். பழைய பத்திரங்களில் வாங்குபவர் பெயருக்கு முன்னால் ‘இன்னார் குமாரர்’ என்று தகப்பன் பெயர் போடாமல் இருக்க மாட்டார்கள். பெரும்பாலும் சாதியும் தொழிலும் கூட இருக்கும். கப்பல் பட்டியலிலும் தகப்பன் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

இரண்டாவது முனுசாமியின் தகப்பன் பெயர் என்ன? பத்திரத்தில் குமாரர் என்பதற்கு முன்னால் இருக்கும் பெயர் என்ன? இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிக்காமல், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அன்புடன்.