பறவை எச்சம் ஆராயப் போகும் மகளுக்கு எந்தப் பாடம்?

வணக்கம் அம்மா. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) முடித்த மகள், ஆதிமனிதர் குகைகளில் இறுகிக் கிடக்கும் பறவை எச்சத்தை ஆராயப் போவதாகச் சொல்கிறாள், பினாங்கில் இதற்கு வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயரில் வேலை விளம்பரம் எதுவும் வராது. ஆனால் அதற்கு வேண்டிய கைப்பழக்கத்துக்கு வேலை உண்டு. தொல்லியல் என்றதும் வரலாற்றுப் பாடம்தான் என்று கலைப் பிரிவுக்கு மாற்றிவிடாதீர்கள். இந்த வேலையில் முக்கால்வாசி வேதியியல்.

குகை மண்ணில் வெள்ளையாக ஒரு கட்டி கிடைக்கிறது. அது எச்சமாக இருக்கலாம்; சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல், ஜிப்சம் எதுவாகவும் இருக்கலாம். 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்பும் சாம்பலும் நுரைக்கும், எச்சம் நுரைக்காது. ஜிப்சமும் நுரைக்காது என்பதால் அங்கேயே முடிவு கட்டக் கூடாது. பறவைக்குச் சிறுநீரும் மலமும் ஒரே வழி. வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். சிறு துணுக்கை நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கி உலர்த்தி, அம்மோனியா காட்டினால் ஊதா நிறம் வரும். இதைப் புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டுமே செய்ய வேண்டும்.

நம் நாட்டுச் சிக்கல் இங்கேதான். ஈரக் குகைகளில் நுண்ணுயிர்கள் யூரிக் அமிலத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். மிஞ்சுவது பாஸ்பேட் தாதுக்களும் பூச்சி ஓடுகளும். ஊதா வரவில்லை என்றால் அங்கே பறவையே இல்லை என்று எழுதுவது தவறு. அப்போது எக்ஸ்ரே விளிம்பு விலகல் கருவியில் (எக்ஸ்ரே பாய்ச்சித் தாதுவை அடையாளம் காணும் கருவி) பார்க்க வேண்டும். அதிலும் ஒரு தொல்லை: வௌவால் எச்சமும் அதே பாஸ்பேட்டைத் தரும். சரவாக்கின் நியா குகை போல உழவாரனும் (குகையில் கூடு கட்டும் சிறு பறவை) வௌவாலும் சேர்ந்து வாழும் இடத்தில் பூச்சித் துண்டுகளைப் பார்ப்பார்கள். வௌவால் பல்லால் அரைத்துவிடும். பல்லில்லாத உழவாரனின் எச்சத்தில் துண்டுகள் பெரிதாக இருக்கும். ஆந்தை கக்கிய உருண்டையை எச்சம் என்று எண்ணுவதும் அடிக்கடி நடக்கும் பிழை; எலும்பும் மயிரும் திரண்டிருந்தால் அது வாய் வழியாக வந்தது.

நுண்ணோக்கியில் பார்க்க, மண்கட்டியைக் குலையாமல் எடுத்து, உலர்த்தி, பிசின் ஏற்றி, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்ப்பார்கள். யூரிக் அமில மணிகள் குறுக்குத் துருவ ஒளியில் (நுண்ணோக்கியின் இரு வடிகட்டிகளைக் குறுக்காக வைத்துப் பார்க்கும்போது) சிலுவை போல் தெரியும். ஆடுமாட்டுச் சாணத்தின் சுண்ணாம்பு மணிகளும் அப்படியே தெரியும். அவை அமிலத்தில் கரைந்துபோகும். மாதிரியைக் கழுவவே கூடாது. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். எச்ச அடுக்குக்கு மேலும் கீழும் உள்ள மண்ணையும் ஒப்பிட எடுக்க வேண்டும். பறவைகள் தடித்த அடுக்காக எச்சமிட்ட காலத்தில் மனிதர் அங்கே குடியிருந்திருக்க வாய்ப்புக் குறைவு. அகழ்வாளருக்கு வேண்டிய செய்தி அதுதான்.

ஆகவே படிவம் ஆறோ மெட்ரிகுலேஷனோ, வேதியியலோடு அறிவியல் பிரிவு. இளங்கலைக்கு வேதியியல், உயிரியல் அல்லது புவியியற்பியல் போகட்டும். நிலவியல் கிடைத்தால் எனக்கு அதுவே முதல் தேர்வு. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் யு.கே.எம். எனும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் படிக்கலாம். தொல்லியலை முதுகலையில் எடுக்கலாம், யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) தொல்லியல் ஆய்வு மையம் பினாங்கிலேயே இருக்கிறது. பேராக்கில் ஆதிமனிதர் தடயங்கள் கிடைத்த லெங்கோங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தவர்கள் அவர்கள். 2017இல் ‘பினாங்குப் பெண்’ எனப்படும் கற்காலப் பெண்ணின் எலும்புக்கூடு வெளிப்பட்ட குவார் கெப்பாவும் கெப்பாலா பத்தாஸ் பக்கம்தான்.

தொல்லியல் இடங்கள் குறைவு: தேசிய மரபுடைமைத் துறை, அருங்காட்சியகத் துறை, பல்கலைக்கழகங்கள். கிடைக்காவிட்டால் இதே திறமையோடு கனிமப் புவி அறிவியல் துறைக்கும் வேதியியல் துறைக்கும் விண்ணப்பிக்கலாம். அதனால்தான் பட்டம் அறிவியலில் இருக்கட்டும் என்கிறேன்.

விடுமுறையில் ஆசைப்பட்டு பறவைக்கூட்டு வீட்டுக்கோ (உழவாரன் கூட்டுக்காக நடத்தும் கட்டடம்) குகைக்கோ எச்சம் அள்ளப் போனால் என்95 முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும். தொல்லியல் இடத்தில் அனுமதியின்றி ஒரு பிடி மண்கூட எடுக்கக் கூடாது; 2005 மரபுடைமைச் சட்டம் உண்டு. வீட்டுக் கூரையில் புறா உட்காரும் இடமே பயிற்சிக்குப் போதும்.