மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்? – இதய நோய் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதயச் செயலிழப்பைப் பற்றியவை. இதயம் நின்றுபோவதல்ல அது; ரத்தத்தைச் சரிவரச் செலுத்த முடியாமல் தளர்வது. மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்: வயது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டா, எக்கோவில் (இதய ஸ்கேன்) இ.எஃப். (உள்ளே வந்த ரத்தத்தில் ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் விழுக்காடு) எவ்வளவு, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், மில்லிகிராம் அளவு. இவ்வளவும் எழுதுங்கள். "வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று" என்று எழுதினால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மூன்று தலையணை வைத்தால்தான் தூங்குகிறார். நள்ளிரவில் இருமலோடு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். ஈசிஜி நார்மல். மூன்று பாட்டில் இருமல் மருந்து தீர்ந்துவிட்டது. "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். – மகள், பெரம்பூர்

பதில்: வயதானால் நடை தளரும். படுத்தால் மூச்சு முட்டுவதற்கு வயது காரணமல்ல. படுத்ததும் காலிலும் வயிற்றிலும் தேங்கியிருந்த நீர் ரத்தத்துக்குத் திரும்புகிறது. தளர்ந்த இதயத்தால் அதைத் தள்ள முடியாமல் நுரையீரலில் நீர் கோக்கிறது. அதனால்தான் இருமல். இருமல் மருந்தை விட்டுவிட்டு இந்த வாரமே எக்கோ எடுங்கள். கூடவே, இதயத்தின் சுமையைக் காட்டும் என்டி-ப்ரோபிஎன்பி ரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். அது 125க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்புக்கு வாய்ப்புக் குறைவு. ஆனால் உடல் பருமன் உள்ளவர்களுக்கு அந்த எண் குறைத்துக் காட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கும் கூட்டிக் காட்டும். ஈசிஜி சரியாக இருப்பது நல்ல சேதிதான். எக்கோ செய்யும் வேலையை அது செய்யாது.

கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால், கழுத்து நரம்பும் புடைத்திருந்தால், வாரக் கணக்குப் பார்க்காமல் உடனே கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்டான்லியும், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் உங்களுக்குத் தூரமில்லை. அப்பா ரயில்வே ஊழியராக இருந்தவர் என்றால் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையே இதய சிகிச்சைக்குப் பெயர் பெற்றதுதான்.

கேள்வி: என் இ.எஃப். 58 என்று வந்திருக்கிறது. மீதி 42 விழுக்காடு இதயம் கெட்டுவிட்டதா? – வாசகர், குரோம்பேட்டை

பதில்: இல்லை. எந்த இதயமும் உள்ளே வந்த ரத்தம் முழுவதையும் ஒரே துடிப்பில் வெளியேற்றாது. 55 முதல் 70 வரை நல்ல எண். நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. எக்கோவில் இ.எஃப். 60. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் இதயச் செயலிழப்பு என்று எழுதியிருக்கிறார்கள். தவறாக எழுதிவிட்டார்களா? – ஆர்.வி., வேளச்சேரி

பதில்: சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். இதயம் சுருங்குவதில் குறையில்லை; விரிவதில்தான் குறை. பல ஆண்டு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இதயத் தசையைத் தடித்து விறைக்கச் செய்துவிட்டன. அதனால் ரத்தம் உள்ளே வர இடமில்லாமல் நுரையீரலில் தேங்குகிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த வகை. குறிப்பாக, உங்கள் அம்மாவைப் போன்ற வயதான பெண்கள். நீர் பிரிக்கும் மாத்திரையோடு எம்பாகிளிஃப்ளோசின் அல்லது டாபாகிளிஃப்ளோசின் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இந்த வகை நோயில் எம்பாகிளிஃப்ளோசின் மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைக்கிறது என்பதை 2021இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அதற்கு முன் இந்த நோயாளிகளுக்கென்று சொல்லிக்கொள்ளும்படி மருந்தே இல்லை. வாந்தி, பேதி, முழு நாள் விரதம் என்றால் மட்டும் எம்பாகிளிஃப்ளோசின் அல்லது டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையை அன்றைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சாதாரண உப்புக்குப் பதிலாக இந்துப்பு சேர்த்துக்கொண்டால் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே? – இல்லத்தரசி, தி. நகர்

பதில்: இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். நிறம் மாறினால் சோடியம் குறையாது. எந்த உப்பானாலும் நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம். அதிலேயே அப்பளம், வடகம், ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு எல்லாம் அடக்கம். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். பொட்டாசியத்தை உடலில் தேக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தொடவே கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகும் அபாயம் உண்டு. தினம் இளநீர் குடிப்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

கேள்வி: தம்பிக்கு 46 வயது. ஒன்றரை ஆண்டுக்கு முன் இ.எஃப். 25. ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை, இதயம் விரிந்திருக்கிறது என்றார்கள். மருந்து சாப்பிட்டு இப்போது 52 ஆகிவிட்டது. "இத்தனை மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும்" என்று உறவினர் ஒருவர் சொன்னதால் இரண்டு மாதமாக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டான். நன்றாகத்தான் இருக்கிறான். இனி மருந்து தேவையில்லை அல்லவா? – அண்ணன், கொளத்தூர்

பதில்: தேவை. நாளைக் காலையே அவர் தம்முடைய இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். தாமாகவே பழைய அளவில் தொடங்கவும் கூடாது. இரண்டு மாதம் விட்ட பிறகு பீட்டா பிளாக்கரை (துடிப்பை மட்டுப்படுத்தும் கார்வெடிலால் போன்ற மாத்திரை) குறைந்த அளவிலிருந்துதான் மறுபடி ஏற்ற வேண்டும்.

25ஐ 52 ஆக்கியது அந்த மாத்திரைகள்தான். அதை மறந்துவிட்டு, எண் ஏறியதும் மாத்திரையைத் தூக்கி எறிகிறார்கள். இந்தக் கதையை நான் கேட்காத மாதமே இல்லை. சில மாதம் கழித்து அதே நோயாளி கால் வீங்கி, வயிறு வீங்கி, பேச மூச்சில்லாமல் அவசரப் பிரிவுக்கு வருகிறார். அப்போது எந்த உறவினரும் பக்கத்தில் இருப்பதில்லை.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பது ஊகமல்ல. பிரிட்டனில் இதையே சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். உங்கள் தம்பியைப் போலவே இதயம் விரிந்து, மருந்தால் தேறி, எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்த சுமார் 50 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு மருத்துவர்களின் கண்காணிப்பிலேயே மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். ஆறே மாதத்தில் அவர்களில் 40 விழுக்காட்டுக்கும் அதிகமானோருக்கு நோய் திரும்பிவிட்டது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் அந்த ஆறு மாதத்தில் ஒருவருக்குக்கூடத் திரும்பவில்லை. இப்போது நன்றாக இருப்பதாகத் தம்பி சொல்வதை நான் நம்புகிறேன். அந்த ஆய்வில் மருந்தை நிறுத்தியவர்களும் முதலில் நன்றாகத்தான் இருந்தார்கள்.

கிட்னி பயத்துக்கு வருகிறேன். இதயச் செயலிழப்புக்குத் தரும் சாக்குபிட்ரில்-வால்சார்டன் போன்ற மாத்திரைகளைத் தொடங்கும்போது கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) சற்று ஏறும். 30 விழுக்காடு வரை ஏறினால் பொறுத்துப் பார்ப்போம், நிறுத்த மாட்டோம். தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் ஒருமுறையும், பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கிரியேட்டினின், பொட்டாசியம் பார்த்துக்கொண்டால் போதும். டாபாகிளிஃப்ளோசினும் எம்பாகிளிஃப்ளோசினும் சிறுநீரகத்தைக் காக்கின்ற மருந்துகள். சிறுநீரகத்தை உண்மையில் கெடுப்பது, போதிய ரத்தம் அனுப்ப முடியாத இதயம்.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. அது நோயாளிகள் மேல் மட்டுமல்ல. டிஸ்சார்ஜ் ஆகும்போது எழுதித் தந்த தொடக்க அளவையே இரண்டு ஆண்டு கழித்தும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். கார்வெடிலால் 3.125 மில்லிகிராமில் தொடங்குவது, தாங்கினால் இரு வேளையும் 25 வரை கொண்டுபோவதற்காக. சாக்குபிட்ரில்-வால்சார்டன் 50இல் தொடங்குவது 200ஐ எட்டுவதற்காக. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய இரண்டே வாரத்தில், அடிக்கடி வரவழைத்துப் பரிசோதித்தபடி முழு அளவுக்கு ஏற்றினால், மரணமோ மறு சேர்க்கையோ நேரும் ஆபத்து குறைகிறது என்று 2022இல் வந்த ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் நடப்பது என்ன? "அதே மாத்திரையைத் தொடருங்கள்" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகிறோம். தலைசுற்றல் இல்லாதவரை மேல் ரத்த அழுத்தம் 100 இருப்பது அளவைக் குறைக்கக் காரணமாகாது. அடுத்த முறை போகும்போது "அளவை எப்போது கூட்டுவீர்கள்?" என்று நீங்களே கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கோபப்படும் மருத்துவரை மாற்றிவிடலாம்.

தம்பி நிறுத்தியதற்குச் செலவும் ஒரு காரணமா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். காப்புரிமை முடிந்த பிறகு டாபாகிளிஃப்ளோசினும் எம்பாகிளிஃப்ளோசினும் பல நிறுவனங்களிலிருந்து மலிவாக வருகின்றன. முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் விசாரித்துப் பார்க்கலாம்.

கேள்வி: மூன்று நாளாக நெஞ்சில் பாரம், இடது தோளில் வலி, வியர்வை. சோடா குடித்தால் ஏப்பம் வந்து குறைகிறது. வாயுவா, இதயமா? பதில் எழுதவும். – வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இதைக் கடிதத்தில் கேட்கலாமா? உங்கள் கடிதத்தில் தொலைபேசி எண் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வயதுகூட இல்லை. இதைப் படிக்கும்போது இன்னும் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்தால், இப்போதே எழுந்து போங்கள்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஏப்பம் வந்து வலி குறைந்தால் அது இதயம் அல்ல என்று எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. மாரடைப்பிலும் ஏப்பம் வரும், குமட்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலி இல்லாமல் தாடை வலி, வியர்வை, திடீர் அசதி என்று மட்டும் வரலாம். 108ஐக் கூப்பிடுங்கள். நீங்களே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தம் கசியும் வயிற்றுப் புண்ணோ இல்லையென்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் திரும்பிவிடாதீர்கள். சிறிது நேரம் கழித்து இன்னொரு ஈசிஜியும், இதயத் தசையின் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்கிறது என்றால் அங்கேயே போங்கள். 2023இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில் முதல் வேளை மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அடைத்த குழாயைத் திறப்பதன் முழுப் பலனும் முதல் சில மணி நேரத்தில்தான். 12 மணி நேரத்துக்குப் பிறகு பெரும்பகுதி தசை போய்விட்டிருக்கும்.

கேள்வி: 72 வயது, இ.எஃப். 35. மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிச் சாப்பிடுகிறேன். கால் வீக்கம் குறையவே மாட்டேன் என்கிறது. – எஸ்.கே., மயிலாப்பூர்

பதில்: வீக்கத்துக்குக் காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன், எட்டோரிகாக்ஸிப் எல்லாமே உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, நீர் மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரைக்கும் வகை வேண்டாம், அதில் சோடியம் அதிகம். மருந்துக் கடைக்காரரிடம் நோயைச் சொல்லி மாத்திரை வாங்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? சர்க்கரைக்குப் பயோகிளிட்டசோன் இருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டி மாற்றுங்கள்.

கேள்வி: கோடையில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்? நீர் பிரிக்கும் டார்சமைடு 20 சாப்பிடுகிறேன். – வாசகர், அண்ணா நகர்

பதில்: நோய் கட்டுக்குள் இருந்தால் தாகத்துக்குக் குடிக்கலாம், டம்ளரை எண்ண வேண்டாம். வீக்கமோ சோடியம் குறைவோ இருந்தால் ஒன்றரை, இரண்டு லிட்டருக்குள். ரசம், மோர், காபி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். உடனே மருத்துவரிடம் பேசுங்கள். அக்னி நட்சத்திரத்தில் எடை இறங்கி, எழுந்தால் தலை சுற்றினால் நீர் மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். அதையும் மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள்.

கேள்வி: மாரடைப்பு வந்து ஒரு மாதம். இ.எஃப். 30. ஐசிடி கருவி (ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்ய உடலுக்குள் வைப்பது) உடனே வைக்க வேண்டுமா? – மனைவி, தாம்பரம்

பதில்: ஆபத்தான துடிப்புக் கோளாறு எதுவும் இதுவரை வரவில்லை என்றால் அவசரமில்லை. மருந்துகளைத் தாங்கும் முழு அளவில் மூன்று மாதம் கொடுத்து மறுபடி எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். அப்போதும் 35க்கு மேல் ஏறவில்லை என்றால் கருவி தேவைப்படும், அப்போது தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மருமகளுக்குச் சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்ததாம். இதயத்தில் மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? – மாமியார், அம்பத்தூர்

பதில்: குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே எக்கோ எடுத்து வால்வின் அளவைப் பாருங்கள். 1.5 சதுர சென்டிமீட்டர் அல்லது அதற்குக் குறைவு என்றால் கர்ப்பத்துக்கு முன்பே பலூன் சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடும். சுருங்கிய வால்வால் அதைத் தாங்க முடியாது. ருமாட்டிக் காய்ச்சல் திரும்பாமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை நிறுத்திவிட்டாரா என்றும் கேளுங்கள். நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்க வேண்டுமா என்பதை இதய மருத்துவர் சொல்லட்டும். இந்த நோயை மறைக்காமல் உங்களிடம் சொன்ன மருமகளை எந்தப் பேச்சும் பேசாதீர்கள்.

கேள்வி: இ.எஃப். 38. வேண்டுதல் இருக்கிறது. அலிபிரி வழியாகத் திருமலைக்கு நடந்து ஏறலாமா? – வாசகர், ஆவடி

பதில்: இப்போது வேண்டாம். மூவாயிரத்து ஐந்நூறு படிக்கு மேல். பஸ்ஸில் போய் வாருங்கள். ஊரில் சமதரையில் தினம் அரை மணி நேரம் மூச்சு வாங்காமல் நடக்கப் பழகிவிட்டு, சில மாதம் கழித்து உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். போகும்போது மாத்திரைகளைப் பெட்டியில் வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்; தரிசன வரிசை நீண்டுவிட்டால் வேளை தவறிவிடும்.