கட்டைவிரலை மடக்காதீங்க! பழைய கார் கேள்வி பதில்

கேள்வி: பழைய கார் கூட்டம் ஒன்னுக்கு போயிருந்தேன். இன்ஜினை ஸ்டார்ட் பண்ண கார் முன்னாடி ஹேண்டில் போட்டு சுத்த ஒரு பையன் குனிஞ்சதும், "கட்டைவிரலை மடக்காத"ன்னு பெரியவர் ஒருத்தர் கத்திட்டாரு. எதுக்கு அவ்ளோ பதட்டம்?

அவர் கத்துனது ரொம்ப சரி. பிஸ்டன் மேல வந்து சேர்றதுக்கு முன்னாடியே ஸ்பார்க் அடிச்சிடுச்சுன்னா இன்ஜின் எதிர்ப்பக்கமா உதைக்கும், கையில இருக்கிற ஹேண்டிலும் அதே வேகத்துல திரும்பி வரும். கட்டைவிரல் ஹேண்டிலை சுத்தி மடங்கி இருந்தா விரலோ மணிக்கட்டோ போச்சு. அதனால அஞ்சு விரலையும் ஒரே பக்கமா வச்சு கொக்கி மாதிரி பிடிக்கணும், கீழ அமுக்காம கீழேருந்து மேல இழுக்கணும், அப்ப உதைச்சாலும் ஹேண்டில் கையை விட்டு நழுவிடும். அதுக்கும் முன்னாடி ஸ்டியரிங் கிட்ட இருக்கிற ஸ்பார்க் லீவரை லேட்டா அடிக்கிற மாதிரி தள்ளி வச்சாச்சான்னு பாக்கணும். நான் முதல் தடவை சுத்தினப்போ சொல்லிக்குடுத்தவர் என் விரலை ஒவ்வொன்னா பிடிச்சு வச்சு காட்டினாரு, அரைச் சுத்துலயே இன்ஜின் "தடதட"ன்னு உயிர் வந்துச்சு பாருங்க, அந்த அதிர்வு இன்னும் உள்ளங்கையில இருக்கு. 1912 மாடல் கேடிலாக்ல எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்தப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா இந்த பயம் போச்சு.

கேள்வி: ஃபோர்டு மாடல் டி-யை மேட்டுல ரிவர்ஸ்ல ஏத்துவாங்களாமே, நிஜமாவா?

நிஜம்தான். சாதாரண மாடல் டி-ல பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில, பம்ப்னு ஒன்னு கிடையாது, பெட்ரோல் தானா வழிஞ்சுதான் கார்புரேட்டருக்கு போகணும். டேங்க்ல கம்மியா இருக்கிறப்ப செங்குத்தான மேடு ஏறினா முன்பக்கம் தூக்கிக்கும், பெட்ரோல் போகாது, வண்டி நின்னுடும். திருப்பிப் போட்டு ரிவர்ஸ்ல ஏறினா டேங்க் மேல வந்துடும், வேலை முடிஞ்சுது.

அதைவிட வேடிக்கை பெடல்தான். மூணு பெடல் இருக்கேன்னு இன்னிக்கு கார் ஓட்டுறவங்க தைரியமா ஏறி உக்காந்தா அவ்ளோதான், ஏன்னா இடது பெடலை முழுசா மிதிச்சா லோ கியர், விட்டா ஹை கியர், நடுவுல நிறுத்தினா நியூட்ரல், நடு பெடல் ரிவர்ஸ், வலது கடைசிதான் பிரேக். ஆக்ஸிலரேட்டர்? அது காலுக்கே இல்ல, ஸ்டியரிங்குக்கு கீழ கையால நகத்துற லீவர்! 1908-லேருந்து 1927 வரைக்கும் ஒன்றரை கோடி வண்டி இப்படித்தான் வந்துச்சு, அத்தனை பேரும் இதைத்தான் கார் ஓட்டுறதுன்னு கத்துக்கிட்டாங்க.

கேள்வி: இங்கிலாந்துல வருஷா வருஷம் நடக்கிற லண்டன் டூ பிரைட்டன் பழைய கார் ஓட்டத்துல எந்த பழைய கார் வேணா கலந்துக்கலாமா?

முடியாது. 1905 ஜனவரி 1-க்கு முன்னாடி செஞ்ச வண்டியா இருக்கணும். இங்கிலாந்துல மோட்டார் வண்டிக்கு முன்னாடி ஒரு ஆள் நடந்து போகணும்னு சட்டம் இருந்துச்சு, அதை எடுத்துட்டு வேக வரம்பையும் மணிக்கு 14 மைலுக்கு ஏத்தினாங்க, அந்த சந்தோஷத்துல 1896 நவம்பர் 14-ல ஓட்டினதோட ஞாபகம்தான் இது. சுமார் 60 மைல், வழியில பாதி வண்டிக்காவது யாராவது குனிஞ்சு எதையாவது முறுக்கிட்டு இருப்பாங்க, பாக்குறதுக்கே ஆசையா இருக்கும்.

கேள்வி: தாத்தாவோட கார் இருபது வருஷமா ஷெட்ல நிக்குது. புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணி, பளபளன்னு பெயிண்ட் அடிச்சு அடுத்த கூட்டத்துக்கு கொண்டு போகலாம்னு இருக்கேன். சரியா?

தயவுசெஞ்சு உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க! முதல்ல ஸ்பார்க் பிளக்கை கழட்டி அந்த ஓட்டையில கொஞ்சம் ஆயில் விட்டு ரெண்டு மூணு நாள் ஊற விடுங்க, அப்புறம் கையால மெதுவா சுத்திப் பாருங்க, இறுகிப்போன இன்ஜினை ஸ்டார்ட்டர் போட்டு இழுத்தா உள்ள உடையும். பழைய பெட்ரோலை முழுசா வடிச்சிடுங்க, டேங்க்ல துரு இருக்கும், இன்ஜின் ஆயிலையும் மாத்திடுங்க. டயர்ல பட்டன் நல்லா இருக்கேன்னு நம்பாதீங்க, ரப்பர் வயசானா வெடிக்கும். பிரேக்கை பிரிச்சு பாத்தப்புறம்தான் வண்டி ஷெட்டை விட்டு நகரணும்.

பெயிண்ட் மட்டும் வேணாம். தாத்தா கை பட்டு தேஞ்ச கதவுப் பிடி, வெளுத்துப்போன சீட்டு, இதுக்காகத்தான் நாங்க கூட்டத்துக்கே வர்றோம். துணியில தூசியை துடைச்சுட்டு அப்படியே ஓட்டிட்டு வாங்க.