கஞ்சி கொடுத்த அக்காவிடம் ‘வரல’ என்று சொல்வது எப்படி?

கேள்வி:

அம்மாவுக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கடலூர் முதுநகர். புதுச்சேரியில் விடுதியில் தங்கி எம்.எஸ்சி. முதலாமாண்டு படிக்கிறேன். நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். அம்மா செபமாலை சொல்லாமல் படுக்க மாட்டார்கள். விடுதியில் சேர்ந்த புதிதில் எனக்குக் கடுமையான காய்ச்சல். அறைத்தோழி ஊருக்குப் போயிருந்தாள். ஆராய்ச்சி மாணவியான ஓர் அக்காதான் கஞ்சி வைத்துக் கொடுத்து, ஆட்டோ பிடித்து ஜிப்மருக்கும் கூட்டிப் போனார். உடம்பு தேறியதும் அவர் நடத்தும் சனிக்கிழமை ஜெபக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். கிடார், பாட்டு, பைபிள் ஸ்டடி எல்லாமே பிடித்திருந்தது. பைபிளை நான் வரிசையாகப் படிப்பதே இப்போதுதான்.

கொஞ்ச நாளாக நிலைமை வேறு. காலை ஐந்தரைக்கு ‘எழுந்தாச்சா, கொயட் டைம் (தனியாக பைபிள் வாசித்து ஜெபிப்பது) முடிச்சாச்சா’ என்று வாட்ஸ்அப் வந்துவிடும். கையில் போட்டிருந்த செபமாலையைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். அப்பா அனுப்பும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை தசமபாகமாகக் கொடுக்கிறேன். அறைத்தோழி இந்து, அவளோடு அதிகம் சுற்றாதே என்கிறார்கள். செமஸ்டர் விடுமுறையில் மூன்று நாள் முகாம் இருக்கிறது. அங்கே முழுக்கு ஞானஸ்நானம் எடுப்பவர்கள் பட்டியலில் என் பெயரையும் எழுதிவிட்டார்கள். ‘வீட்ல இப்போதைக்குச் சொல்லாத, தடை வரும்’ என்கிறார் அக்கா. எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தால் வாய் வரமாட்டேன் என்கிறது. வரல என்று சொன்னால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனா?

பி.கு.: முகாமுக்கு 600 ரூபாய் கட்டிவிட்டேன். திருப்பிக் கேட்கலாமா?

பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

பதில்:

அன்பு மகளே,

நன்றி கெட்டவளாக ஆகிவிட மாட்டாய். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் படி.

அந்த அக்கா காய்ச்சலில் கிடந்த உன்னைப் பார்த்துக்கொண்டது உண்மையான அன்புதான். ‘வலை வீசத்தான் கஞ்சி கொடுத்தாள்’ என்று யாராவது உனக்குச் சொல்லிக்கொடுத்தால் நம்பாதே. நான் மகளிர் விடுதிப் பொறுப்பில் பல வருஷம் இருந்தவள். ஒவ்வொரு வருஷமும் அட்மிஷன் முடிந்த வாரத்தில் அதே காட்சிதான். அப்பாவைப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு வந்த பெண், ராத்திரி மெஸ்ஸில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மேஜையில் உட்காருவது என்று தெரியாமல் நிற்பாள். ‘இங்க வந்து உட்காரும்மா’ என்று முதலில் கூப்பிடுவது யாரோ, அடுத்த இரண்டு வருஷம் அவர்கள் கூட்டம்தான் அவள் கூட்டம். கூப்பிட்டது கபடி டீம் என்றால் கபடி, கட்சிக்காரப் பிள்ளைகள் என்றால் கட்சி, ஜெபக் குழு என்றால் ஜெபம். மதம் அங்கே இரண்டாவதாகத்தான் வருகிறது. உனக்கு வந்தது காய்ச்சல், கூப்பிட்டது ஜெபக் குழு.

இந்தக் குழுக்கள் நேற்று முளைத்தவையும் இல்லை. உலக அளவில் கிறிஸ்தவ மாணவர்கள் 1895லேயே ஒரு கூட்டமைப்பு கண்டுவிட்டார்கள். இந்தியாவில் மாணவர் கிறிஸ்தவ இயக்கம் 1912லிருந்து இருக்கிறது. உங்கள் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கென்றே ‘ஐக்கஃப்’ என்ற மாணவர் அமைப்பு 1924ல் வந்தது. பல கல்லூரிகளில் ‘ஈ.யூ.’ (இவாஞ்சலிக்கல் யூனியன்) என்று பிள்ளைகள் கூப்பிடும் ஜெபக் குழுக்களின் தாய் அமைப்பு 1954ல் தொடங்கியது. முஸ்லிம் மாணவர்களுக்கு எஸ்.ஐ.ஓ. என்ற இஸ்லாமிய மாணவர் அமைப்பு 1982ல் வந்தது. இவை தவிர விவேகானந்தர் பெயரில் வாசிப்பு வட்டம், பஜனை, யோகா, தியான வகுப்பு என்று எத்தனையோ உண்டு. கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்து, இங்கிலீஷில் செமினார் எடுக்கத் தெரியாமல் அழுத பிள்ளைகளை இப்படிப்பட்ட குழுக்களில் இருக்கும் சீனியர்கள் தேற்றி, பரீட்சை எழுத வைத்து, ஸ்காலர்ஷிப் படிவம் நிரப்பிக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். உன்னுடைய குழு எது என்று நீ எழுதவில்லை, எனக்கும் தெரிய வேண்டாம்.

ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். செபமாலையும் இல்லை, தசமபாகமும் இல்லை. ‘வீட்ல இப்போதைக்குச் சொல்லாத.’

செபமாலை வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. மாதாவிடம் வேண்டுவதில் கத்தோலிக்கர்களுக்கும் மற்ற சபைகளுக்கும் சில நூறு வருஷமாகத் தகராறு இருக்கிறது, அதை உன் விடுதி அறையில் தீர்க்க முடியாது. தசமபாகம் பைபிளில் இருக்கிற வழக்கம்தான். சம்பாதிக்காத பிள்ளையிடம், அதுவும் அப்பா அனுப்பும் மெஸ் பணத்தில் வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இவற்றையெல்லாம் பேசித் தீர்க்கலாம், தீராவிட்டாலும் குடி முழுகிவிடாது. வீட்டில் சொல்லாதே என்பது அப்படி இல்லை. உனக்கு வேண்டியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாத இடத்தில், மூன்று நாள் விடியற்காலை எழுந்து, ராத்திரி வரை பாட்டும், மற்றவர்கள் தங்கள் விசுவாச அனுபவத்தைச் சொல்லும் சாட்சியும் கேட்டுக் களைத்துப்போன நிலையில், வாழ்நாள் முழுக்கக் கூடவே வரப்போகும் ஒரு காரியத்துக்குத் தலையாட்டச் சொல்கிறார்கள். அறைத்தோழியோடு சுற்றாதே என்பதும் இதோடு ஒட்டியதுதான். ‘ஏண்டி, நிஜமாவே உனக்கு இது வேணுமா?’ என்று கேட்கக்கூடிய ஆட்களை ஒவ்வொருவராக ஒதுக்கினால் மிஞ்சுவது அவர்கள் மட்டும்தானே? அக்கா திட்டம் போட்டு இதைச் செய்கிறாள் என்று நான் சொல்லவில்லை. அவளுக்கும் அவள் சீனியர் இப்படித்தான் சொல்லியிருப்பாள். உன் ஆத்துமாவைப் பற்றி அவளுக்கு உண்மையிலேயே பாரம் இருக்கும். பாரம் உண்மை என்பதற்காக அதை நீ சுமக்க வேண்டும் என்று இல்லை.

ஞானஸ்நானத்தைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. கைக்குழந்தையில் உனக்குக் கொடுத்தாயிற்று. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி அது ஒருமுறைதான், திரும்பக் கொடுப்பது கிடையாது. விவரம் தெரிந்த பிறகு தண்ணீரில் மூழ்கி எடுப்பதுதான் செல்லும் என்பது உன் அக்காவுடைய சபையின் கொள்கை. அதனால் முகாமில் நீ தண்ணீரில் இறங்கினால், இதுவரை இருந்த வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குக் குடி போகிறாய் என்றுதான் உங்கள் பங்குக் கோயிலில் எடுத்துக்கொள்வார்கள். நாளைக்குக் கோயிலில் கல்யாணம் என்று ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு நிற்கும்போது கேள்விகள் வரும், அப்போது உன் அம்மாவின் முகத்தையும் நீதான் பார்க்க வேண்டும். குடி போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உனக்கு 18 வயது தாண்டிவிட்டது, மனசு அங்கேதான் என்று ஒருநாள் உறுதியாகத் தெரிந்தால் போ. வீட்டில் உட்கார்ந்து, அம்மா அழுதாலும் பக்கத்தில் இருந்து பதில் சொல்லிவிட்டுப் போ. படிப்பு முடியும்வரை அதற்குக் காத்திருக்க முடியாதா என்று அவர்களிடமே கேட்டுப் பார். ஏன் இந்த செமஸ்டர் லீவிலேயே என்பதற்கு அவர்கள் சொல்லும் பதிலைக் கவனமாகக் கேள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள், சண்டை போட இல்லை, தைரியத்துக்கு. நம் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு அக்காவுக்குத் தன் மதத்தைப் பரப்ப உரிமை கொடுக்கிறது. அதே பிரிவுதான் உனக்கும் மனச்சாட்சிச் சுதந்திரம் கொடுக்கிறது. பரப்பும் உரிமை என்றால் கொள்கையை எடுத்துச் சொல்லும் உரிமை, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி எப்படிச் சொல்வது.

வாட்ஸ்அப்பில் சொல்லாதே. ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டு, எட்டுப் பேர் உனக்காக உபவாசம் இருக்க ஆரம்பித்துவிடுவார்கள். சனிக்கிழமைக் கூட்டத்திலும் சொல்லாதே. பகல் வேளையில், கேன்டீனிலோ லைப்ரரி வாசலிலோ, அக்காவிடம் மட்டும் தனியாகப் பேசு. உன் அறையில் வேண்டாம், எழுந்து போக முடியாது. இந்த மாதிரிச் சொல்லலாம்:

“அக்கா, காய்ச்சல்ல நீங்க என்னைப் பார்த்துக்கிட்டத நான் மறக்க மாட்டேன். ஆனா முகாமுக்கு வரல, ஞானஸ்நானமும் எடுத்துக்கல. லிஸ்ட்ல என் பேரை எடுத்துடுங்க. சனிக்கிழமையும் இனிமே வரல. நாம பேசறது பழகறது எப்பவும் போல இருக்கட்டும்.”

இதோடு நிறுத்து. ஏன் என்று கேட்பாள். ‘எனக்கு மனசு ஒப்பலக்கா’ என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லாதே. நீ ஒரு காரணம் சொன்னால் அவள் ஒரு வசனம் சொல்வாள். மாதாவைப் பற்றி, குழந்தை ஞானஸ்நானத்தைப் பற்றி வாக்குவாதத்தில் இறங்கினால் உனக்குத்தான் வாய் அடைத்துப்போகும், ஏனென்றால் உனக்கு அது முதல் தடவை, அவளுக்கு இல்லை. அழுதால் அழட்டும். கைக்குட்டை கொடு, ‘சரி வரேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதே.

பிறகு என்ன நடக்கிறது என்று பார். அடுத்த வாரமும் மெஸ்ஸில் உன்னைப் பார்த்துச் சிரித்து, ‘டெஸ்ட் எப்படிப் பண்ணின?’ என்று கேட்டாள் என்றால் அவள் நல்ல அக்கா, விட்டுவிடாதே. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நீ கஞ்சி வைத்துக் கொடு. ஒரேயடியாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்றால் கொஞ்ச நாள் வலிக்கும், ஆனால் எப்படிப்பட்ட இடத்தில் இருந்தாய் என்று உனக்கே விளங்கிவிடும். மூன்றாவது ஒன்றும் உண்டு: ஆள் மாற்றி ஆள் அறைக் கதவைத் தட்டுவது, ‘சாபம் வரும்’ என்பது, பரீட்சையில் மார்க் குறைந்தால் ‘பார்த்தியா’ என்பது. அது ஒரு தடவை நடந்தாலும் வார்டனிடம் போய்ச் சொல்லிவிடு, அல்லது உங்கள் துறையில் நீ நம்பும் மேடத்திடம் சொல். வெளியாட்களிடம் கொண்டுபோகாதே. இந்தக் காலத்தில் ‘விடுதியில் மதமாற்றம்’ என்று எவராவது கொடி தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றால் அக்காவின் ஆராய்ச்சி பாழாகும், உன் பெயர் பேப்பரில் வரும், நீ கேட்டதோ ஒரு சனிக்கிழமை லீவு.

அம்மாவிடம் இந்த வாரமே சொல். கடலூர் என்ன, பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் வீடு. முகாம், லிஸ்ட் எல்லாவற்றையும் சொல், கஞ்சியில் ஆரம்பி. ஜிப்மருக்குக் கூட்டிப் போன பெண் என்று தெரிந்தால் அம்மாவின் கோபம் பாதி இறங்கிவிடும். ‘விடுதியே வேண்டாம், வீட்டுக்கு வந்துவிடு’ என்று அப்பா குதித்தால், இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டு: ஐயா, உங்கள் மகள் தானாகவே யோசித்து வேண்டாம் என்று முடிவு செய்து, உங்களிடமும் வந்து சொல்லியிருக்கிறாள். இதற்குப் படிப்பை நிறுத்துவது என்ன நியாயம்?

பைபிள் வாசிப்பதை விடாதே. அது அந்தக் குழுவின் சொத்து இல்லை. பெட்டியில் இருக்கும் செபமாலையை மறுபடி போட்டுக்கொள்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம், அம்மாவுக்காகவும் போட வேண்டாம், அக்காவுக்காகவும் கழற்ற வேண்டாம். பாட்டும் கிடாரும்தான் இழுக்கிறது என்றால் பக்கத்துப் பங்கில் இளைஞர் குழு இருக்கிறதா என்று ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரிடம் கேள். அங்கே கிடார் வாசிப்பவன் சுமாராகத்தான் வாசிப்பான், பொறுத்துக்கொள். அறைத்தோழியிடம் ஒருநாள் சாயங்காலம் ‘பீச்சுக்குப் போலாமா?’ என்று கேள். நீ ஏன் இத்தனை நாள் ஒதுங்கியிருந்தாய் என்று அவள் யோசித்துக்கொண்டிருப்பாள்.

600 ரூபாயைக் கேள். அப்பா பணம், கூச்சப்படாதே. இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஏற்கெனவே கட்டிவிட்டோம் என்றால் போகட்டும் என்று விட்டுவிடு. தசமபாகமாகக் கொடுத்ததை மட்டும் கேட்காதே, அது நீ உன் கையால் கொடுத்தது.