தொடர் பார்த்தாயிற்று, எந்த ஃபால்அவுட்டில் தொடங்குவது?

கேள்வி: ஃபால்அவுட் வெப் தொடரின் இரண்டு சீசன்களையும் பார்த்து முடித்துவிட்டேன். அந்த உலகம் பிடித்துப்போய், மூலமான கேம்களை விளையாடலாம் என்று தேடினால் 1997-இல் தொடங்கி ஏகப்பட்டது வருகிறது. நான் கேம் விளையாடியே பத்து வருடம் இருக்கும். என்னிடம் இருப்பது தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண லேப்டாப். முதலில் இருந்து வரிசையாக விளையாட வேண்டுமா? பழைய கேம் இப்போதைய விண்டோஸில் ஓடுமா?

பதில்: வரிசையை மறந்துவிடுங்கள். உங்கள் லேப்டாப்புக்கும் இரண்டாவது சீசன் முடித்த கையோடு இருக்கும் ஆர்வத்துக்கும் பொருந்துவது ஒன்றுதான்: 2010-இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்'.

இந்த கேம்கள் ஒரே ஆளின் கதையைத் தொடர்ந்து சொல்பவை அல்ல. ஒவ்வொன்றிலும் வேறு நாயகன், வேறு ஆண்டு, பெரும்பாலும் வேறு ஊர். 2077 அக்டோபர் 23 அன்று அணுகுண்டுகள் விழுந்தன என்பது மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. முதல் கேம் 2161-இல் கலிஃபோர்னியாவில் நடக்கிறது, மூன்றாவது 2277-இல் வாஷிங்டனில், நான்காவது 2287-இல் பாஸ்டனில். நீங்கள் பார்த்த தொடர் 2296-இல், இவை எல்லாவற்றுக்கும் பிறகு. அது எந்த கேமின் கதையையும் அப்படியே எடுத்துப் படமாக்கவில்லை. அதே உலகில் புதுக்கதை சொல்கிறது. அதனால் எங்கே நுழைந்தாலும் பாதிப் படத்தில் போய் உட்கார்ந்த மாதிரி இருக்காது.

நியூ வேகஸைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. 2007-இல் ஃபால்அவுட்டின் உரிமையை வாங்கிய பெதஸ்டா, கதையை அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குக் கொண்டுபோய்விட்டது. நியூ வேகஸை மட்டும் அப்சிடியன் என்ற வேறொரு நிறுவனத்திடம் கொடுத்தது. அங்கே இருந்தவர்களில் சிலர் 1998-இல் இரண்டாவது கேமை உருவாக்கியவர்கள். அவர்கள் கதையை மறுபடி மேற்குக்கே இழுத்து வந்தார்கள். தொடரும் மேற்கில்தான் நடக்கிறது என்பதால், உங்களுக்கு ஏற்கெனவே அறிமுகமான நியூ கலிஃபோர்னியா குடியரசு, வேகஸை ஆளும் மிஸ்டர் ஹவுஸ், பாலைவனத்துக்கு நடுவே விளக்கெரியும் அந்தச் சூதாட்ட நகரம் எல்லாமே இதில் உண்டு. மற்ற கேம்கள் பலவற்றில் நீங்கள் வால்ட் என்ற நிலத்தடிப் புகலிடத்துக்குள் இருந்து வெளியே வருகிறவர். இதில் ஒரு கூரியர். பொட்டலம் கொண்டுபோகும் வழியில் தலையில் சுடப்பட்டு, குழியில் புதைக்கப்பட்டு, பிழைத்து எழுகிறவர். சுட்டவனைத் தேடிக் கிளம்பும் கதை, போகப் போக ஹூவர் அணை யாருக்கு என்ற அரசியல் சண்டையாகிறது. யார் பக்கம் நிற்பது என்பது உங்கள் முடிவு. எந்தப் பக்கமும் முழுக்க நல்ல பக்கம் இல்லை.

சரி, லேப்டாப். இது கேட்கும் குறைந்தபட்ச நினைவகம் 2 ஜிபி, வட்டில் இடம் 10 ஜிபி. சமீப வருடங்களில் வந்த லேப்டாப் என்றால் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். இயந்திரத்தின் பலம் பிரச்சினையே இல்லை, கேமின் வயதுதான் பிரச்சினை. இது 32 பிட் காலத்து நிரல். உங்கள் லேப்டாப்பில் 16 ஜிபி இருந்தாலும் இது 2 ஜிபியைத் தாண்டித் தொடாது. அந்த எல்லையை முட்டும்போது கேம் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். இதற்கென்றே ரசிகர்கள் எழுதிய '4 ஜிபி பேட்ச்' என்ற சின்ன நிரல் இருக்கிறது. ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால் அதை நீங்களே ஒருமுறை ஓட்ட வேண்டும். ஜிஓஜி என்ற இன்னொரு இணையக் கடையில் கிடைக்கும் பதிப்பில் அந்த வேலையை முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறார்கள். மாட் எனப்படும் ரசிகர்களின் மாற்றங்களை எல்லாம் போட்டுப் பழக்கமில்லாதவர் என்றால் ஜிஓஜி பதிப்பே வசதி. இன்னொன்று, திரை வேகத்தை நொடிக்கு 60 பிரேமுக்கு மேல் விடாதீர்கள். கேமுக்குள் பொருள்கள் அசைவதற்கான கணக்கு பிரேம் வேகத்தோடு பிணைந்திருப்பதால், வேகம் கூடினால் மேஜைமேல் இருக்கும் பாட்டில்கள் தாமாகப் பறக்கும்.

கன்சோல் வைத்திருக்கும் நண்பரிடம் கடன் வாங்கும் யோசனை இருந்தால்: வட்டு போடும் வசதியுள்ள இப்போதைய எக்ஸ்பாக்ஸில் பழைய வட்டே ஓடும். பிஎஸ்5-இல் இதை நேரடியாக நிறுவ வழியில்லை.

வாங்கும்போது 'அல்டிமேட் எடிஷன்' என்று இருப்பதையே வாங்குங்கள். நான்கு துணைக் கதைகளும் அதிலேயே அடங்கிவிடும். தள்ளுபடி அடிக்கடி வரும், அவசரம் வேண்டாம். 2024 ஏப்ரலில் முதல் சீசன் வந்த கையோடு, ஒரே நாளில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் ஃபால்அவுட் கேம்களை விளையாடியதாக பெதஸ்டாவே அறிவித்தது. இவ்வளவு கூட்டம் திரும்பி வந்த பிறகு கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

முதல் சில மணிநேரத்துக்குச் சில யோசனைகள். தொடக்கத்தில் வலிமை, அறிவு, அதிர்ஷ்டம் என்று ஏழு குணங்களுக்குப் புள்ளி பிரித்துக் கொடுக்கச் சொல்லும். அறிவுக்குக் கொஞ்சம் தாராளமாகக் கொடுங்கள், அப்புறம் திறன்களில் பேச்சை வளர்த்துக்கொள்ளுங்கள். கை பழகாதவருக்குத் துப்பாக்கியை விட வாய் நன்றாக வேலை செய்யும் கேம் இது. ஒரு பதிலைச் சொல்ல எவ்வளவு பேச்சுத்திறன் வேண்டும், உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணோடு காட்டும். சண்டை வந்தால் 'வாட்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். உலகம் நின்றுவிடும், எதிரியின் எந்த உறுப்பில் சுடுவது என்று நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம். 'ஹார்ட்கோர்' முறை வேண்டுமா என்று கேட்கும். பசி, தாகம், தூக்கம் எல்லாவற்றையும் கவனிக்க வைக்கும் முறை அது. முதல் தடவைக்கு வேண்டாம். நீளமான பேச்சுகள் ஏராளம், தமிழ் கிடையாது, அதனால் சப்டைட்டிலை முதல் நிமிடமே போட்டுவிடுங்கள்.

கிளம்பும் ஊரின் பெயர் குட்ஸ்பிரிங்ஸ். வேகஸ் வடக்கே கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மின்னும். நேராக வடக்கே நடக்கலாமே என்று தோன்றும். நடக்காதீர்கள். அந்த வழியில் டெத்கிளா என்ற கொடிய மிருகங்கள் கூட்டமாக இருக்கின்றன. நான் முதல் தடவை, நம்மைத் தடுக்க யார் என்று போய், அரை நிமிடத்தில் செத்தேன். கோபத்தில் இன்னும் நான்கு தடவை போய்ச் செத்தேன். கேம் உங்களைத் தெற்கே பிரிம் ஊர் வழியாகச் சுற்றிவரச் சொல்கிறது. சுற்றுவழியில்தான் கதையே இருக்கிறது.

சேவ் செய்வதில் சோம்பல் கூடாது. தானாகச் சேவ் ஆவதை நம்பாமல், மெனுவுக்குப் போய் புதுப் புது இடத்தில் சேவ் செய்யுங்கள். ஒன்று கெட்டுப்போனாலும் முந்தையது கையில் இருக்கும். அணைக்கான கடைசிப் போருக்குப் பிறகு கேம் முடிந்துவிடும். தொடர்ந்து சுற்றித் திரிய விடாது. மிச்சம் மீதி வேலைகளையும் துணைக் கதைகளையும் அதற்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும்.

நியூ வேகஸ் முடிந்த பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால், தொடரின் நாயகி லூசியின் கதை பிடித்தவர்களுக்கு 2008-இன் 'ஃபால்அவுட் 3'. வால்ட்டை விட்டுப் போன அப்பாவைத் தேடிக் கிளம்பும் பிள்ளைதான் அங்கேயும் நாயகன். 2015-இல் வந்த 'ஃபால்அவுட் 4' சண்டைக்கும் வீடு கட்டவும் கைக்கு இதமானது, பவர் ஆர்மர் என்ற இயந்திரக் கவச உடையும் சீக்கிரமே கிடைக்கும். ஆனால் 8 ஜிபி நினைவகமும் தனி கிராபிக்ஸ் கார்டும் கேட்கிறது. உங்கள் லேப்டாப்பில் திணறும். 'ஃபால்அவுட் 76' இணையத்தில் பலரோடு சேர்ந்து விளையாடுவது. கதைக்காக வருகிற உங்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லை.

முதல் இரண்டு கேம்களையும் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அவை மேலிருந்து பார்க்கும், ஒருவர் மாற்றி ஒருவர் அடிக்கும் வகை. முதல் கேமில் உங்கள் வால்ட்டின் தண்ணீர் இயந்திரத்துக்கான சில்லைத் தேடிக் கொண்டுவர 150 நாள் கெடு வேறு. நியூ வேகஸில் அந்த உலகத்தின் பேச்சும் நடப்பும் பழகிய பிறகு போனால் இந்தப் பழமை அவ்வளவாக உறுத்தாது. லேப்டாப் பற்றிய கவலையே வேண்டாம்.

அப்படிப் போகும்போது ஷேடி சாண்ட்ஸ் என்ற ஊரில் கொஞ்சம் நில்லுங்கள். தொடரில் பெரும் பள்ளமாக நீங்கள் பார்த்தீர்களே, அதே ஊர். (ஊர் இருந்த இடத்தையே தொடர் மாற்றிவிட்டது என்று பழைய ரசிகர்கள் போடும் சண்டை தனிக் கதை.) முதல் கேமில் அது மண்சுவர் வீடுகளும் கொஞ்சம் பயிரும் உள்ள சின்னக் கிராமம். ஊர்த்தலைவரின் மகள் டாண்டியைக் கொள்ளையர்கள் தூக்கிப்போவார்கள், நீங்கள் மீட்டு வரலாம். இரண்டாவது கேமில் 80 வருடம் கழித்து அதே ஊர் ஒரு குடியரசின் தலைநகரம். அதன் அதிபரைப் பார்க்கப் போனால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கிழவி அதே டாண்டி.